ஓதத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களின் பழைய வீடுகளில் ஒரு கிதாபு இருக்கும். அட்டை கழன்று, ஓரம் பூச்சி அரித்து, துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். திறந்தால் வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து. குர்ஆன் நன்றாக ஓதத் தெரிந்த ஓர் இளைஞனிடம் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டத் தொடங்குவான், இரண்டாவது மூன்றாவது சொல்லில் தடுமாறி நின்றுவிடுவான். அவன் வாயில் வந்துகொண்டிருப்பது தமிழ் என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவனுக்கே விளங்கும்.

இதுதான் அரபுத்தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் வரை, தமிழ் பேசிய முஸ்லிம்கள் தங்கள் மொழியை அரபு எழுத்தில் எழுதிய முறை. அரபியின் 28 எழுத்துகளோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து ஆக்கிய எழுத்துகளையும் கூட்டி 40 எழுத்துகள் என்று கணக்கிடுவது வழக்கம். அரபியின் ‘ளாத்’ எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இட்டால் அது ழகரம். அரபியில் இல்லாத எகர, ஒகர உயிர்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டத்தையும் ஆன்மிகத்தையும் இந்த எழுத்தில் எழுதினார். இலங்கைக்கு அவர் பலமுறை வந்துபோனதால் அவருடைய நூல்களும் இங்கே பரவின. வீட்டில் இருந்து ஓதிய பெண்களுக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்களுக்கும்கூட, வாசிப்பு என்ற ஒன்றைக் கையில் கொடுத்தது இந்த எழுத்துதான். தமிழ் எழுத்து தெரியாததால் மட்டும் அவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

உலகெங்கும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அரும்பொருளகங்களும் செயற்கை நுண்ணறிவை உள்ளே எடுத்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அந்தக் கிதாபை, பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் ஓர் எழுத்துணரியிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? அரபுக்கென்று பயிற்றிய எழுத்துணரி, எழுத்துகளில் பலவற்றை அடையாளம் காணும். ஆனால் அரபுச் சொற்களையே எதிர்பார்த்துப் பழகியதால், தெரியாத புள்ளிகளை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும். தமிழுக்கென்று பயிற்றியதற்கு அந்தப் பக்கம் வெறும் கோடுகள். எழுத்து ஒரு மொழிக்காரருடையது, ஒலி இன்னொரு மொழிக்காரருடையது. ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

இதற்கு வழி இருக்கிறது. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே அவசரப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கையெழுத்தையும் கல்லச்சையும் வாசிக்கும் இன்றைய நிரல்கள் ஒரு பக்கத்தை முதலில் வரிகளாகப் பிரிக்கின்றன. அடுத்து ஒவ்வொரு வரியின் படத்தையும் ஒரு நரம்பு வலையமைப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒடுங்கிய துண்டுகளாகப் பார்த்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த எழுத்து இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்தகவு கொடுக்கிறது. முன்னால் வந்ததையும் பின்னால் வருவதையும் சேர்த்துப் பார்த்து, கடைசியில் மிகப் பொருத்தமான எழுத்து வரிசையைத் தருகிறது. சொல்லுக்குள் எழுத்துகள் கோத்து ஓடும் அரபு வகை எழுத்துக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. ஒவ்வோர் எழுத்தையும் தனியே வெட்டியெடுக்க வேண்டிய தேவையே இல்லை. பென்ஜமின் கீஸ்லிங் உருவாக்கிய ‘கிராக்கன்’ என்ற திறந்த நிரல் இப்படிப்பட்டது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் பிறந்த ‘ட்ரான்ஸ்கிரிபஸ்’ இன்னொன்று. இரண்டிலும் எவரும் தங்கள் எழுத்துக்கென்று ஒரு மாதிரியைத் தாங்களே பயிற்றலாம்.

பயிற்றுவதற்கு வேண்டியது ஒன்றுதான். வரியின் படம் ஒரு பக்கம், அந்த வரியில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த மனிதர் எழுதிக்கொடுத்த படி மறுபக்கம். ஒரு கையெழுத்துக்கு ட்ரான்ஸ்கிரிபஸ்காரர்கள் சொல்லும் அளவு 5,000 முதல் 15,000 சொற்கள், அதாவது ஏறக்குறைய 25 முதல் 75 பக்கங்கள். மலைக்க வைக்கும் தொகை அல்ல இது. ஆனால் அந்தப் பக்கங்களைப் பிழையில்லாமல் ஓதிக்காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பாடசாலைக் கல்வி தமிழில் பரவப் பரவ அரபுத்தமிழின் தேவை சுருங்கிப்போனது. இன்று இதைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பவர்கள் பெரும்பாலும் முதிய லெப்பைமார், மௌலவிமார், சின்ன வயதில் வீட்டில் ஓதிய உம்மம்மாமார். புத்தகத்தை அடுத்த வருடமும் படம் பிடிக்கலாம், நாளைக்கு இதைவிட நல்ல கமராவும் வரும். ஓதிக்காட்டுகிறவர் இல்லாமல் போனால் அந்தப் படம் எதையும் கற்றுக்கொடுக்காது. இந்தக் கரையோரத்தைப் பொறுத்தவரை செயற்கை நுண்ணறிவின் முதல் வேலை கணினியில் தொடங்கவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது ஒரு திண்ணையில், ஒரு முதியவருக்கும் ஓர் இளையவருக்கும் நடுவில் தொடங்குகிறது.

உலகத்தின் மிகப் பெரிய வெற்றியும் இப்படித்தான் வந்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையால் கரியாகிப்போன ஹெர்குலேனியம் சுருள்களை விரிக்காமலே வாசிக்க 2023இல் ஒரு போட்டி வைத்தார்கள். எக்ஸ்ரே படங்களில் மையைக் கண்டுபிடிக்க முடியாமல் எல்லோரும் திணறியபோது, கேசி ஹான்ட்மர் என்பவர் படங்களைத் தன் கண்ணாலேயே மணிக்கணக்கில் பார்த்து, மை இருந்த இடத்தில் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளோடு இருப்பதைக் கண்டுகொண்டார். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் லூக் ஃபரிட்டர் என்ற மாணவர் தன் நிரலைப் பயிற்றி முதல் சொல்லை வாசித்தார். 2024 பெப்ரவரியில் முதற் பரிசாக 7 இலட்சம் டொலரை அவரும் யூசுப் நாதர், ஜூலியன் ஷில்லிகர் ஆகியோரும் பகிர்ந்துகொண்டார்கள். வெளிவந்த பத்திகள் கிரேக்கம்தானா, சரியானவையா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் பப்பிரசுச் சுவடி வாசிப்பில் தோய்ந்த அறிஞர்கள்.

அரபுத்தமிழ்ப் பக்கத்தில் திண்ணை வேலை எவ்வளவு நுட்பமானது என்று அருகில் போய்ப் பார்ப்போம். கல்லச்சில் மை தெறித்த ஒரு பொட்டு, எழுத்தின் புள்ளி போலவே இருக்கும். பூச்சி துளைத்த ஓட்டை ஸ்கேன் படத்தில் கறுப்பாக விழுந்தால் அதுவும் ஒரு புள்ளி. ளாத்தை ழகரமாக்குவது ஒற்றைப் புள்ளி என்னும்போது, இது சின்ன விடயம் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர் பொருளை வைத்துத் தெளிவார். தாளைப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நிரலுக்குத் தாளைத் திருப்பத் தெரியாது.

எந்த எழுத்தில் படி எடுப்பது என்பதும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டியது. நேரே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அரபுச் சொற்கள் விரவிய இந்த உரைகளில், தமிழ் எழுத்து ஒரே ககரத்தாலும் ஒரே சகரத்தாலும் குறிப்பதை மூல எழுத்து இரண்டு மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. உள்ளத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழில் ‘கல்பு’ என்று ஒன்றாகிவிடும். கிதாபில் அவை வேறுவேறு எழுத்தில் தொடங்கும். ஒருமுறை தமிழாக்கிவிட்டால் திரும்பிப்போக வழி இல்லை. ஆகவே இரண்டு படிகள் வேண்டும்: எழுத்துக்கு எழுத்து மூலத்தைப் போலவே ஒன்று, வாசிப்பவருக்காகத் தமிழ் எழுத்தில் மற்றொன்று. பயிற்சிக்கு முதலாவது, தேடலுக்கு இரண்டாவது.

பயிற்றிய பிறகு வரும் விளம்பரக் கணக்கிலும் கவனம் வேண்டும். ‘நூற்றுக்கு 95 எழுத்துகள் சரி’ என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஒரு சொல்லில் சராசரி ஆறு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் சரியாக இருக்க வாய்ப்பு 0.95ஐ ஆறுமுறை பெருக்கினால் கிடைக்கும் 0.735. அதாவது நாலு சொல்லில் ஒன்று பிழை. எழுத்துத் துல்லியம் 98 ஆக உயர்ந்தால் ஏறத்தாழ ஒன்பது சொல்லுக்கு ஒன்று பிழை. தேடுவதற்கு இது தாராளமாகப் போதும். ஒரு கிதாபு எதைப் பற்றியது, எந்தப் பக்கத்தில் நோன்பின் சட்டம் வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதை அப்படியே அச்சிட்டு மார்க்கச் சட்டமாக யாரிடமும் கொடுக்க முடியாது.

தமிழ் எழுத்தில் உள்ளவற்றின் நிலை இதைவிட நல்லது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட பிறகு, ஓர் இடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைத்திருப்பது என்ன ஆபத்து என்பதை இலங்கைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், பின்னர் நூலகம் நிறுவனமாகி, இலங்கையில் வெளிவந்த தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் ஆக்கங்களும் அங்கே பெருந்தொகையாக உண்டு. அந்தத் திட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 2004 டிசம்பர் 26இல், இந்தக் கரையோரம் கடலுக்குள் போய் வந்தது. சுனாமியில் இலங்கையில் மாண்ட 30,000க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர்கள். மனிதரை இழந்த வீடுகளில் கடதாசி போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை. கொப்பிகள், கல்யாணப் படங்கள், காணி உறுதிகள், ஒரே ஒரு இதழோடு நின்றுபோன சஞ்சிகைகள் எல்லாம் போயின.

எண்ணிமப்படுத்தியதால் தப்பி, படமாக இருக்கும் பக்கத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்குவது அடுத்த படி. ‘டெசரக்ட்’ என்ற திறந்த எழுத்துணரி 2018இன் நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பைக் கொண்டு தமிழை வாசிக்கிறது. இங்கும் நம்முடைய பிரச்சினைகள் நம்முடையவைதான். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையாக வந்தபின் மறைந்த பழைய ணை, லை, றா வடிவங்கள் இலங்கை அச்சில் மேலும் பல காலம் நீடித்தன. அவற்றைப் பார்த்துப் பழகாத எழுத்துணரி தடுமாறும். கணினி அச்சு வந்த பிறகு வந்தவற்றில் பல ‘பாமினி’ என்ற பழைய எழுத்துருவில் உள்ளவை. அந்தக் கோப்புகள் எங்காவது ஒரு பழைய வன்தட்டில் இருந்தால் செயற்கை நுண்ணறிவே வேண்டாம், ஒருங்குறிக்கு மாற்றும் சிறிய நிரல் ஒரு நொடியில் பிழையின்றி மாற்றிவிடும். கல்முனை அச்சகங்களின் மூலையில் கிடக்கும் பழைய கணினிகளை விற்றுத் தள்ளுமுன் ஒருவர் போய்ப் பார்ப்பது, எந்த மாதிரியைப் பயிற்றுவதைவிடவும் இலாபமான வேலை.

எழுத்தாக்கிய பிறகு பட்டியல் வேலை வரும். எம்.ஏ. நுஃமான் 1969–70 காலத்தில் கல்முனையிலிருந்து ‘கவிஞன்’ என்ற காலாண்டிதழைக் கொண்டுவந்தார். அவருடைய பெயரையே நுஃமான், நுஹ்மான், நுகுமான் என்று மூன்று விதமாக எழுதக் காணலாம். இவற்றை ஒருவரென்று சேர்ப்பதில் மொழி மாதிரிகள் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒருவர் மாதக்கணக்கில் பார்ப்பதை ஓரிரு நாளில் அடுக்கித்தருகின்றன. ஆனால் அதே கெட்டிக்காரத்தனம் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்ற இரு வேறு எழுத்தாளர்களை ஊர்ப்பெயரைப் பார்த்து ஒருவராக்கிவிடலாம். இந்தப் பக்கத்தில் ஒரே முதலெழுத்துகளோடு, ஒரே பெயரோடு, ஒரே பாடசாலையில் படிப்பித்த இரண்டு ஆசிரியர்கள் இருப்பது சாதாரணம். யார் யாருடைய மகன், எந்தக் குடி, எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத் என்று தெரிந்த ஒரு நூலகர் நிமிடத்தில் பிரித்துவிடுவார். ஆகையால் இயந்திரம் முன்மொழியட்டும், சேர்ப்பதும் பிரிப்பதும் நூலகரின் கையெழுத்தோடு நடக்கட்டும்.

குரலுக்கு வந்தால் எனக்குக் கவலை கூடுகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள், வயலில் பாடியவை, காதலில் பாடியவை, தாலாட்டுகள், பழைய கசெட்டுகளிலும் கைபேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல் போன்றவர்கள் தேடிச் சேர்த்து அச்சேற்றியதால் சில தப்பின. ஒலியை எழுத்தாக்கும் ‘விஸ்பர்’ என்ற மாதிரியை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்டது. 6,80,000 மணித்தியால ஒலியில் பயிற்றியது. ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து அதில் 1,17,000 மணித்தியாலங்கள்தான். தமிழின் பங்கு அதற்குள் ஒரு துண்டு, இலங்கைத் தமிழ் அதற்குள் ஒரு துணுக்கு. சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு இந்திய மொழிகளுக்காக மாவட்டம் மாவட்டமாகக் குரல் சேகரித்திருப்பது மிகப் பெரிய பணி. ஆனால் அவர்கள் போன மாவட்டங்கள் இந்திய மாவட்டங்கள். ‘மறுகா’ என்றும் ‘கிறுகி’ என்றும் இயல்பாகக் கதைக்கும் ஒரு பெண்ணின் பேச்சை இந்த மாதிரிகள் கேட்கும்போது, தங்களுக்குப் பழக்கமான ஏதோ ஒரு சொல்லைப் போட்டு வசனத்தை அழகாக முடித்துவிடக்கூடும்.

அழகாக முடிப்பதுதான் ஆபத்து. கரடுமுரடான பிழை கண்ணில் படும், ஓடும் தமிழில் வரும் பிழை தப்பிவிடும். விஸ்பரை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கட்டுரை, நூறில் ஒன்று என்ற அளவில் ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத முழு வசனங்களே முளைத்திருந்ததைக் காட்டியது. பேச்சில் இடைவெளி நீளும்போது இது கூடியது. யோசித்து, மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திக் கதைப்பவர்கள் யார்? வாய்மொழி வரலாற்றுக்காக நாம் தேடிப்போகும் முதியவர்களேதான். ஆகவே எந்தக் காப்பகமும் ஒலிக்கோப்பை மூலமாகவும், எழுத்தாக்கத்தை அதைத் தேடுவதற்கான துணையாகவும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாக்கம் வந்துவிட்டது என்று கசெட்டைத் தூக்கிப்போட்டவர் வரலாற்றைத் தூக்கிப்போட்டவர்தான்.

படங்களில் இது இன்னும் உக்கிரம். கடல்நீரில் ஊறி முகம் கரைந்துபோன ஒரு புகைப்படத்தைக் கைபேசிச் செயலியிடம் கொடுத்தால் பளிச்சென்ற ஒரு முகத்தைத் தரும். அந்தப் புள்ளிகள் உங்கள் வாப்பாவின் படத்திலிருந்து வந்தவை அல்ல, இலட்சக்கணக்கான வேறு முகங்களின் சராசரியிலிருந்து வந்தவை. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது குடும்பத்தின் விருப்பம். காத்தான்குடியில் 2015இல் திறந்த பூர்வீக நூதனசாலை போல ஊரின் வரலாற்றைக் காட்டும் இடங்கள் அப்படிப்பட்ட படத்தை மாட்டும்போது, கரைந்த மூலத்தையும் பக்கத்தில் மாட்டி, எது எதுவென்று எழுதிவைக்க வேண்டும்.

சில ஆவணங்களை இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது, குறைந்தது வெளிநாட்டுச் சேவையகங்களில் இயங்கும் செயலிகளிடம். காதி நீதிமன்றக் கோவைகள், காவின் என்னும் திருமணப் பதிவுகள், பள்ளிவாசல்களின் குடிக் கணக்குகள், இடம்பெயர்ந்தோர் பட்டியல்கள் இவற்றில் உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இதற்கென்றே வந்தது. காணி உறுதிகளில் வேறு சிக்கல். அம்பாறையில் காணி எவ்வளவு சூடான விடயம் என்பது எல்லோருக்கும் தெரியும். நொத்தாரிசின் கிறுக்கெழுத்தில் ‘3 றூட்’ என்றிருப்பதை ‘2 றூட்’ என்று வாசித்த ஒரு எழுத்தாக்கம் வெளியே போனால் அயலவர் இருவருக்கிடையில் வழக்கு வரும். படம் எடுத்துப் பாதுகாப்பது வேறு, வாசித்துப் பரப்புவது வேறு.

நோர்வேயின் தேசிய நூலகம் 2006இல் தன் இருப்பு முழுவதையும் எண்ணிமப்படுத்தத் தொடங்கியது. பின்னர் அந்த இருப்பைக் கொண்டே நோர்வீஜிய மொழிக்கான எழுத்து, பேச்சு மாதிரிகளைத் தன் ஆய்வுகூடத்தில் தானே பயிற்றியது. சின்ன மொழிக்காரர்கள் பெரிய நிறுவனங்களின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. அவ்வளவு பணம் நமக்கு இல்லை. ஆனால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமான அந்த வளாகத்தில் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடமும் உண்டு, தமிழும் படிப்பிக்கிறார்கள், கணினியும் படிப்பிக்கிறார்கள். அரபு எழுத்து, தமிழ் ஒலி, நிரல் மூன்றும் தெரிந்த மாணவர்கள் ஒரே சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடிக்கும் இடம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும்?

கணக்கைப் பாருங்கள். ஒரு கல்லச்சுக் கிதாபின் 50 பக்கம், பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 750 வரி. முதியவர் ஒருவர் ஓத, மாணவர் ஒருவர் எழுத, திருப்பி வாசித்துச் சரிபார்க்க வரிக்கு 5 நிமிடம் என்றால் 62 மணித்தியாலமும் அரையும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தால் 32 நாள். முதல் மாதிரிக்கு இது போதும். அதன்பின் மாதிரியே வரியை வாசித்துக் காட்டும், முதியவர் பிழையை மட்டும் சொன்னால் சரி. இரண்டாவது கிதாபு பாதி நேரத்தில் முடியலாம். பலரும் அடிக்கடி ஓதும் கிதாபுகளில் தொடங்குவது நல்லது. பலருக்கு மனப்பாடம் என்பதால் சரிபார்ப்பது எளிது. கையெழுத்துப் பிரதிகளை அடுத்த கட்டத்துக்கு விடலாம். படியோடு ஓதிக்காட்டியவரின் பெயரையும் ஊரையும் அவருடைய சம்மதத்தோடு பதிய வேண்டும், அவர் ஓதிய குரலையும் சேர்த்து. கோப்புகளின் ஒரு தொகுதி ஒலுவிலில் இருக்கட்டும், ஒன்று நூலகம் நிறுவனத்திடம் போகட்டும், மூன்றாவது கடலிலிருந்து தள்ளி, மலைநாட்டில் ஓரிடத்தில்.